பாப்புலர்: பொருள் எழுதி வாக்கியத்தில் அமைக்க

ஜூலை 6, சனி

இன்று பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். போய் அசிங்கப்பட்டுவிட்டு வந்தேன். டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி ஆறு மாதமாக வேன் டேஷ்போர்டில் கண்ணாடி துடைக்கிற காகிதத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்கும் ஒரு வேலை வேண்டாமா.

நடந்தது இதுதான். வரிசையில் நின்று என் முறை வந்ததும் ரெபேக்கா மிஸ் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் மிஸ் அவர்கள்தான். பக்கத்தில் என் பெண் கவிநயா. மிஸ் நோட்டைப் புரட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, "சார், உங்க பொண்ணு எழுதியிருக்கா பாருங்க. யூ ஆர் பாப்புலர்" என்றார்கள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கை தானாகக் கும்பிட்டது. "தெரியாம நடந்திருக்குங்க மிஸ். இனிமே அப்படி நடக்காதுங்க" என்றேன்.

பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு வேன் டிரைவரிடம் பள்ளிக்கூடத்தில் யாராவது இங்கிலீஷில் பேசினால் அது புகாராகத்தான் இருக்கும் என்பது என் பதினான்கு வருட அனுபவம். வேகம், லேட், ஹாரன், இந்த மூன்றில் ஒன்று. அந்தச் சொல்லைச் சலூன் போர்டில் பார்த்திருக்கிறேன். மனிதனுக்கும் அதை வைப்பார்கள் என்று தெரியாது. பத்தாவதில் நான் இங்கிலீஷில் எடுத்தது முப்பத்தாறு. அதிலும் ஒன்றிரண்டு வாத்தியார் மனசு வைத்தது.

"எல்லாருக்கும் புடிச்சவர்னு அர்த்தம் சார். நல்ல வார்த்தைதான்" என்றார்கள் மிஸ். கவி தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாராவாரம் வெள்ளிக்கிழமை பத்து சொல் கொடுப்பார்கள். பொருள் எழுதி வாக்கியத்தில் அமைத்து, அப்பா அம்மா கையெழுத்து வாங்கிப் போக வேண்டும். இதுவரை நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இங்கிலீஷில் எனக்குத் தடுமாற்றம் இல்லாமல் வருவது அது ஒன்றுதான். கவி எழுதியிருந்த வாக்கியத்தை மிஸ் படித்துக் காட்டினார்கள்: மை ஃபாதர் இஸ் பாப்புலர் இன் தி வேன். ஹீ மேக்ஸ் எவ்ரிபடி லாஃப்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்கள். "கொஞ்ச நாளா இவ தனியா உக்காந்திருக்கா சார். லஞ்ச்சுக்கும் தனியா. வீட்ல எதும் பிரச்சனையா?"

"வீட்ல நல்லாப் பேசுமுங்க மிஸ். எங்களைப் பேச உடாது" என்றேன். அதற்கும் யாரோ சிரித்தார்கள். பாப்புலர்தான் நான்.

ஜூலை 8, திங்கள்

மாலை மூன்று பத்துக்கு பள்ளிக்கூட வாசல் புங்கமரத்தடியில் வேனை நிறுத்தினால் மூன்றே முக்கால் வரை வேலை இல்லை. மற்ற டிரைவர்கள் சீட்டு ஆடுவார்கள் அல்லது தூங்குவார்கள். நான் இனி இதை எழுதலாம் என்று இருக்கிறேன். ராஜேந்திரன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சென்னியப்பா, உயிலா?" என்று கேட்டான்.

எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு ட்ரிப். முதல் ட்ரிப் பொடிசுகள், எல்.கே.ஜி.யிலிருந்து நாலாவது வரை. இரண்டாவது ட்ரிப் பெரியவர்கள். கவி இரண்டாவதில் வருவாள். இரண்டு ட்ரிப்பிலும் எனக்குப் பெயர் வேன் மாமா. கவி வீட்டில் அப்பா என்பாள். வேனில் ஏறியதும் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். இறங்குகிற இடம் நெருங்கினால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான்.

பொடிசுகளை ஓட்டுவது லேசு இல்லை. ஒன்று அழ ஆரம்பித்தால் பதினேழும் அழும். அதற்கு என்னிடம் நாலைந்து கதை ஸ்டாக் உண்டு. போன மாதம் பள்ளி திறந்த புதிதில், பவானி பழைய பாலத்து மேலே லாரி ஒன்று மக்கர் பண்ணி முக்கால் மணி நேரம் நின்றுவிட்டோம். வெளியே மழை. ஒரு எல்.கே.ஜி. பிள்ளை அம்மா அம்மா என்று மூச்சு வாங்க அழுதது. யானைக் கதை சொன்னேன், கேட்கவில்லை. குரங்குக் கதை, ம்ஹூம். கடைசியில் என் பெண்ணின் பக்கெட் கதையை எடுத்தேன்.

கவிக்கு நாலு வயசில் நடந்தது. அப்போது அந்தியூரில் குடியிருந்தோம். குழாயடியில் இருந்த பக்கெட்டுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். கொஞ்சம் குண்டுப் பிள்ளை. முழங்கால் மூக்கைத் தொடுகிறது, எழ முடியவில்லை. மூன்று வீட்டுக்காரர்கள் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நல்லெண்ணெய் ஊற்றினோம். நான் பக்கெட்டை இழுக்க, என் சம்சாரம் பிள்ளையை இழுக்க, ம்ஹூம். கடைசியில் ஆக்ஸா பிளேடு வாங்கி வந்து பக்கெட்டை அறுத்தேன். அதுவரை அழாத பிள்ளை அப்போதுதான் வீறிட்டாள். "அறுக்காதீங்கப்பா, பக்கெட்டுக்கு வலிக்கும்" என்று.

நான் பக்கெட்டாகவும் கவியாகவும் எண்ணெய் ஊற்றும் பக்கத்து வீட்டுக்காரராகவும் நடித்துக் காட்டினேன். அழுத பிள்ளை விக்கலோடு சிரித்தது. வேனே ஆடியது. ரெண்டாங்கிளாஸ் நித்தின் இருக்கிறானே, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மூன்று தடவை சொல்ல வைத்தான். லாரிக்காரனே வந்து எட்டிப் பார்த்தான்.

அந்த முக்கால் மணி நேரம் ஒரு பிள்ளைகூட அழவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அது ஒரு சாதனை.

ஜூலை 9, செவ்வாய்

பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஜூலை 11, வியாழன்

டிரைவர் தலைக்கு மேலே உள்ள கண்ணாடியில் எனக்கு வேன் முழுக்கத் தெரியும். இடது பக்கம் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம் கவி. அவள் பக்கத்து இடம் தேன்மொழியுடையது. ஒண்ணாங்கிளாஸிலிருந்து அப்படித்தான். ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்தி அந்த இடத்தில் பையை வைத்து, யாரையும் உட்கார விட மாட்டாள்.

இன்று பார்த்தேன், அங்கே பையும் இல்லை, ஆளும் இல்லை. தேனு கடைசி சீட்டில் பையன்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் இரண்டு மூன்று வாரமாகவே அப்படித்தான் போலிருக்கிறது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவன்.

கூடுதுறை திருப்பத்தில் பின்னாலிருந்து ஒரு குரல், "பக்கெட், ஜன்னலைச் சாத்து" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிள்ளைகள் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், தொழில் பழக்கம். கண்ணாடியில் கவி என்னைப் பார்த்தாள்.

ஏதோ அவர்களுக்குள் விளையாட்டு.

ஜூலை 12, வெள்ளி

கையெழுத்துக்கு நோட்டைக் கொண்டுவந்தாள். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவது என்று உட்கார்ந்தேன். மூன்றாவது வாக்கியத்தில் விரல் வைத்து என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"ரகசியம். நான் என் தோழிகிட்ட ஒரு ரகசியம் சொன்னேன்னு."

"தேனுகிட்டயா சாமி?"

பென்சிலைச் சீவினாள். சீவின பென்சிலையே திரும்பச் சீவினாள். அப்புறம் சொன்னாள்.

"அந்தப் பக்கெட் கதை இந்த ஊர்ல உங்களுக்கும் அம்மாவுக்கும் எனக்கும்தானேப்பா தெரியும். நான் தேனுகிட்ட மட்டும்தான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுனா. இப்ப கிளாஸ் பூரா என்னைப் பக்கெட்னுதான் கூப்பிடறாங்க. பக்கத்துல வந்து உக்காந்தா இடம் பத்தாதுங்கறாங்க. அட்டெண்டன்ஸ் எடுக்கறப்பக் கூட, என்ற பேரைச் சொன்னதும் ஒருத்தன் பெஞ்சைத் தட்டிக் காட்டறான், பக்கெட் சத்தம் மாதிரி."

"தேனுதான் சொன்னாளாமா?"

"வேற யாருப்பா சொல்லுவா?"

பிரேக் ஆயில் பார்க்க வேண்டியது ஞாபகம் வந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மூன்று தடவை பார்த்தேன்.

ஜூலை 15, திங்கள்

தேனுவும் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். பிள்ளைகள்தானே. ஒரு கதை ஒரே வழியாகத்தான் போக வேண்டும் என்று இல்லை.

இரண்டாவது ட்ரிப்பில் பிரணிதா ஏறினாள். கவி வகுப்புதான். நித்தினுக்கு அக்கா. சுருட்டை முடி, நல்ல சூட்டிகை. வகுப்பில் இவள் எந்தப் பக்கம் சிரிக்கிறாளோ அந்தப் பக்கம்தான் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று கவி சொல்லியிருக்கிறாள். படியில் கால் வைத்தவள் நின்று, "மாமா, நீங்க சொல்ற கதையெல்லாம் நித்தின் வீட்டுல வந்து நடிச்சுக் காட்டுவான். செமையா இருக்கும்" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

என் வேனில் முன் சீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கிழமைக்கு ஒருத்தர். திங்கட்கிழமை ஒன்பதாவது சரவணகுமாருக்கு. இன்று பிரணிதாவை முன்னால் உட்காரச் சொன்னேன். பின்னால் உட்கார்ந்தால் சில பிள்ளைகளுக்கு வாந்தி வரும்.

"எனக்கு வாந்தியெல்லாம் வராதுங்க மாமா."

"வந்துட்டா சிரமம் சாமி. உக்காரு."

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. சாயங்காலம் தேங்காய் சுட்டோம். தெருவே புகை. தேங்காயின் கண்ணைத் திறந்து பொட்டுக்கடலை, அவல், வெல்லம், எள்ளு போட்டு அழிஞ்சிக் குச்சியில் குத்தி, எல்லாப் பிள்ளைகளும் தீயைச் சுற்றி நிற்பார்கள். யார் தேங்காய் முதலில் வெடிக்கிறது என்பதில் பெரிய போட்டி.

ஒவ்வொரு வருஷமும் தேனு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரே குச்சியில் இரண்டு பேர் பிடித்துச் சுடுவார்கள், கை சுட்டால் நீ விடு நீ விடு என்று. என் சம்சாரம் பூங்கொடி பழக்கத்தில் இரண்டு தேங்காய்க்கு வெல்லம் பொடித்து வைத்துவிட்டாள்.

கவி ஒரு தேங்காயைச் சுட்டாள். இன்னொன்றை நான் சுட்டேன். கவனம் இல்லாமல் மீசையில் கொஞ்சம் பொசுங்கிவிட்டது. கவி சிரிப்பாள் என்று அப்படியே வைத்திருந்தேன். "கண்ணாடி பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

முன் சீட் விவகாரம் முற்றிவிட்டது. ஐந்து நாளாகப் பிரணிதாவேதான் முன்னால். சரவணகுமார் இன்று ஏறும்போதே, "மாமா, இந்த வேனைப் பிரணிதா பேர்ல எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டான். அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றேன். அவள் வாய் நிறையச் சிப்ஸ்.

என் பாப்புலர் இறங்குமுகம்.

கவி நோட்டில் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

வருகிற ஆகஸ்ட் இரண்டாம் தேதி கவிக்குப் பிறந்தநாள். பன்னிரண்டு. "அன்னிக்கு நான் லீவு போட்டுக்கறேன்ப்பா" என்றாள்.

பூங்கொடி ஆச்சரியப்பட்டாள். பிறந்தநாளன்றைக்கு லீவு போடுகிற பிள்ளையை யார் பார்த்திருக்கிறார்கள். அன்று ஒருநாள்தான் யூனிஃபாரம் இல்லாமல் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு போகலாம். சாக்லேட் எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போகலாம்.

கவி சொன்னாள்: "தனியாப் போகக் கூடாதும்மா. கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகணும்."

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். வேனில் தினமும் அதுதான் பேச்சு. பிறந்தநாள்காரப் பிள்ளை தன் வகுப்பில் ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கும். அந்த ஆள் சாக்லேட் பையைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். ஆபீஸ், ஸ்டாஃப் ரூம், பதினோரு வகுப்பு. இரண்டு பீரியடு வெளியே சுற்றலாம். யாருடைய பிறந்தநாளுக்கு யார் கூடப் போனார்கள் என்பதை இந்தப் பிள்ளைகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனைச் சொல்வது மாதிரி சொல்லும். கவிக்கு ஆறு வருஷமாகத் தேனு போனாள். தேனுவுக்குக் கவி.

"யாராச்சும் ஒரு புள்ளையக் கூப்பிட்டுக்க கண்ணு" என்றாள் பூங்கொடி.

"கூப்பிட்டு, வர மாட்டேன்னு சொல்லிட்டா?"

பூங்கொடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னிடம் ஒரு வேடிக்கைப் பேச்சு தயாராக இருந்தது. சொல்லவில்லை.

ஜூலை 24, புதன்

மாலை ட்ரிப்பில் கடைசியாக இறங்குவது தேனு. கவி இன்று அம்மா வேலை பார்க்கும் மெடிக்கல் கடைக்குப் போவதற்காக முன்னாலேயே இறங்கிவிட்டாள். வேனில் நானும் தேனுவும் மட்டும்.

"ஏஞ்சாமி, கவியோட பேசறதில்லையா?"

உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அந்தப் பிள்ளைக்கு. "நான் சொல்லலீங்க மாமா. எங்கம்மா மேல சத்தியமா சொல்லல. எங்க வீட்டுலகூடச் சொல்லல. கவி நம்ப மாட்டேங்கறா. நீங்க சொல்லுங்க மாமா. நீங்க சொன்னா நம்புவா."

"சொல்றேன் சாமி" என்றேன்.

"மறக்காமச் சொல்லுங்க மாமா. பர்த்டேக்கு முன்னாடி."

தேனு வீட்டிலிருந்து எங்கள் வீடு இரண்டு கிலோமீட்டர். வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று பேசிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். காலி வேனில் தனியாகப் பேசுகிறேன் என்று ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். ஆரம்பம் நன்றாக வந்தது. 'சாமி, தேனு நல்ல புள்ள. அவ சொல்லியிருக்க மாட்டா' என்பது வரை சரளமாக வந்தது. அப்புறம் கவி ஒரு கேள்வி கேட்பாள். அதற்கு அப்புறம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கவி கேட்டாள், "தேனு எதாச்சும் சொன்னாளாப்பா?"

"ஒண்ணும் சொல்லல சாமி."

ஜூலை 26, வெள்ளி

காலையில் இட்லி வைக்கும்போது பூங்கொடி பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, அந்தத் தேனு புள்ள முகத்தைப் பாத்தா சொன்ன மாதிரித் தெரியலீங்க. நேத்து கடைக்கு மாத்திரை வாங்க வந்துச்சு. என்னையப் பாக்க முடியாம அழுவுது."

"ம்."

"அப்ப அந்தக் கதைய யாருதான் வெளிய சொல்லியிருப்பாங்க?"

"சட்னில உப்பு கம்மியா இருக்குது புள்ள."

பூங்கொடி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பதினைந்து வருஷம் மருந்துச் சீட்டுப் படித்துப் பழகிய கண். எந்த டாக்டர் கிறுக்கினாலும் படித்துவிடுவாள்.

"ஊரு சிரிக்கறதுக்கு என்ற புள்ளதான் கெடச்சாளா உங்களுக்கு?" என்றாள்.

நான் தட்டோடு எழுந்து கை கழுவப் போனேன். அவளும் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது மட்டும், "நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றாள்.

சொல்லிவிடுவதுதான். இன்று வேனை எஃப்.சி. பரிசோதனைக்குத் தயார் செய்கிற வேலை இருக்கிறது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு இல்லை, தீயணைக்கும் சிலிண்டருக்குத் தேதி முடிந்துவிட்டது. இதெல்லாம் முடியட்டும்.

ஜூலை 29, திங்கள்

ஒரு வழி தோன்றியது. இது நடந்தால் சொல்லவே தேவை இல்லை.

பிரணிதாவிடம் கேட்டேன். முன் சீட்டில் பக்கத்திலேயே இருக்கிறாள், கேட்பது சுலபம். மற்ற பிள்ளைகள் பின்னால் பாட்டுப் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"சாமி, வெள்ளிக்கிழமை கவிக்குப் பொறந்தநாளு. நீ அவகூட சாக்லேட் குடுக்கப் போறியா? நீயாப் போயிக் கேட்ட மாதிரிக் கேளு."

"பக்கெட்... கவிகூடயா?" அவள் வெளியே பார்த்தாள். விரலால் கண்ணாடியில் கோடு போட்டாள். "வருஷம் பூரா முன் சீட் எனக்குத்தானே மாமா?"

"உனக்குத்தான்."

"சரிங்க மாமா. நான் யார்கிட்டயும் சொல்லலீங்க மாமா, அந்தக் கதைய நீங்கதான் சொன்னீங்கன்னு. நித்தின்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன்."

நல்ல பிள்ளைதான். நான்தான் கியர் மாற்ற மறந்து, வண்டி மூன்றாவதில் முக்கிக்கொண்டு ஏறியது.

ஜூலை 31, புதன்

கலர் டிரஸ் எடுத்தாயிற்று. மாம்பழ மஞ்சள். கவி கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் மூச்சை விட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று கவி வேனில் ஏறியதும் "அப்பா" என்றாள். வேனில் அப்பா என்றாள். சரவணகுமார்கூடத் திரும்பிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "பிரணிதாவே வந்து கேட்டாப்பா. நாளைக்கு உன்கூட நான் வரட்டுமான்னு. எல்லாரும் பாத்துட்டு இருக்கறப்ப, கிளாஸ் நடுவுல. நான் கூப்பிடவே இல்லப்பா."

"அப்படியா சாமி?"

"அவளுக்கு என்னையப் புடிச்சிருக்குதோ என்னமோ. இல்லாட்டி எதுக்குக் கேட்கறா? அவ வந்தா மத்தவங்களும் பேசுவாங்கப்பா. நாளையிலிருந்து சரியாயிரும்."

சாக்லேட்டுகளைத் தரையில் கொட்டி வகுப்புக்கு வகுப்பு பிரித்தாள். சாமி கும்பிடும்போது முணுமுணுக்கிற மாதிரி ஒவ்வொரு வகுப்பின் பெயரையும் சொல்லிக்கொண்டாள். பூங்கொடி சமையலறையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்று எழுத வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி, காலை ஒன்பதரை

இப்போதுதான் இறக்கிவிட்டேன். மாலை வரை பொறுக்க முடியாது போலிருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

பிரணிதா ஏறும்போது மடியில் ஒரு பெரிய துணிப்பை. முன் சீட்டில் உட்கார்ந்து பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஸ்பீடு பிரேக்கரில் வேன் குதித்தபோது பையின் வாய் விலகியது. உள்ளே சிவப்பு. பிளாஸ்டிக். கைப்பிடி வைத்தது. கடற்கரையில் மணல் அள்ளுவதற்குச் சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பார்களே, அதைவிடக் கொஞ்சம் பெரியது.

"என்னது சாமி அது?"

"சர்ப்ரைஸ் மாமா. சாக்லேட் போட்டுக் குடுக்கறதுக்கு. எல்லாரும் சேந்து வாங்குனோம்."

அவள் குரலில் ஒரு ரகசியமும் இல்லை. நான் ஆமோதிப்பேன் என்று நினைத்தாள். அந்தக் கதைக்கு முதலில் சிரித்தவனே நான்தானே.

கண்ணாடியில் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் மாம்பழ மஞ்சள். பக்கத்து இடத்தில் சாக்லேட் பை. கவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருந்தது. ஓரம் கட்டி அதை வாங்கி ஜன்னல் வழியாக எறிந்திருக்கலாம். வேனை நிறுத்தலாம், பழுது என்று சொல்லலாம். பதினான்கு வருஷத்தில் எத்தனை தடவை தானாக நின்றிருக்கிறது இந்த வண்டி. இன்று பூப்போல ஓடியது.

வாங்கினால் அவள் சொல்லிவிடுவாள்.

கேட்டில் இறங்கும்போது கவியிடம் "டாட்டா சாமி" என்றேன். அதையும் அவள் பதிலுக்குக் கை ஆட்டுகிற மாதிரி உற்சாகமாகச் சொன்னேன்.

அதே நாள், மூன்று இருபது

பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு முறை கேட் வரை போனேன். வாட்ச்மேன், "என்னண்ணா, சீக்கிரமே வந்துட்டீங்க" என்றார். "வீட்டுல கரண்ட் இல்லீங்க" என்றேன். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. பள்ளி லீவு. நேற்று நடந்ததைக் கவி சொன்ன வரைக்கும் எழுதுகிறேன்.

பிரணிதா வகுப்பு வாசலில் வைத்துத்தான் பக்கெட்டை வெளியே எடுத்தாளாம். சாக்லேட்டை அதில் கொட்டி, "நீ இதைப் புடிச்சுக்கோ, நான் கதவைத் தட்டறேன்" என்றாளாம். பதினோரு வகுப்பு. ஒவ்வொரு வகுப்பிலும் மிஸ் "ஹேப்பி பர்த்டே" சொல்லச் சொன்னதும், பின்பெஞ்சில் யாராவது பெஞ்சைத் தட்டினார்களாம், கொட்டு மாதிரி. சில மிஸ்ஸுகளும் அழகான பக்கெட் என்று சொன்னார்களாம். பாவம், அவர்களுக்குத் தெரியாது. நாலு வகுப்பு முடிந்ததும் பிரணிதா "எனக்குக் கால் வலிக்குது" என்று திரும்பிவிட்டாள். மீதி ஏழு வகுப்புக்குக் கவி தனியாகப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். பாதியில் நிறுத்தவில்லை.

"ஏஞ்சாமி, திரும்பி வந்திருக்கலாமல்ல?" என்றாள் பூங்கொடி.

"எல்லா கிளாஸுக்கும் பிரிச்சு வெச்சிருந்தேனேம்மா."

மாலை வேனில் ஏறினாள். அழவில்லை. பக்கெட்டை மடியில் வைத்திருந்தாள். அதில் மிச்சம் நாலைந்து சாக்லேட். தேனு கடைசி சீட்டிலிருந்து எழுந்து வந்து, காலியாக இருந்த பக்கத்து இடத்தில் ஒரு கவரை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். வீடு வந்ததும் கவி அதைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்து, "தூக்கிப் போட்டுருங்கப்பா" என்றாள். போடவில்லை. டேஷ்போர்டில் டைரிக்கு அடியில் இருக்கிறது. கையால் வரைந்த அட்டை. ஒரே குச்சியில் இரண்டு பிள்ளைகள் தேங்காய் சுடுகிறார்கள். உள்ளே தமிழில், 'நான் சொல்லல கவி. ஹேப்பி பர்த்டே' என்று இருந்தது.

இன்று காலை மூன்று பேரும் கூடுதுறைக்குப் போனோம். நல்ல கூட்டம். குளித்து, சாமி கும்பிட்டு, பூங்கொடி புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, மெடிக்கல் கடைக்கு அரை நாள் வேலை இருக்கிறது என்று அங்கிருந்தே போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

வேனுக்கு வந்ததும் கவி வழக்கம்போல மூன்றாவது வரிசைக்குப் போனாள்.

"முன்னால வா சாமி."

"இன்னிக்கு யாரு கிழமைப்பா?"

"சனிக்கிழமை உன்னுது. இனிமே எப்பவும் உன்னுது."

வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டிரைவர் மகளுக்கு முன் சீட் கொடுத்தால் மற்ற பிள்ளைகள் குறை சொல்லும் என்று நான்தான் கொடுத்ததில்லை. ஜன்னலில் கை வைத்து ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, தேனு சொல்லலேன்னா, வேற யாருப்பா சொல்லியிருப்பாங்க?"

நான் கிளட்ச்சை மிதித்தேன்.

"பிரணிதா சொல்றா, உனக்குத் தெரிஞ்சவங்கதான், உனக்கு ரொம்பப் புடிச்சவங்கதான்னு. அப்ப தேனுதானேப்பா?"

பழைய பாலத்தில் ஏறினோம். மூச்சு விட இடமில்லாத நெரிசல். வண்டிகள் ஊர்ந்தன. நான் பதில் சொல்லாததைக் கவனித்தாளோ என்னவோ, தானே பேச்சை மாற்றினாள். பிள்ளைகள் சில சமயம் பெரியவர்களுக்கு இப்படி வழி விடுவார்கள்.

"எல்லாத்துக்கும் கதை சொல்றீங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்கப்பா."

என்னிடம் அப்போது ஒரே ஒரு கதைதான் இருந்தது.

"இதே பாலத்துல ஒரு நாளு" என்று ஆரம்பித்தேன், "மழை பேஞ்சுட்டு இருந்துச்சு. முன்னால ஒரு லாரி நின்னுபோச்சு. வேன்ல பொடிசுக பதினேழு பேரு. அதுல ஒரு புள்ள அழுவ ஆரம்பிச்சுது."

"அப்புறம்?" அவள் முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் சிரிப்பு தயாராக இருந்தது. அவள் எழுதிய வாக்கியம் சரிதான், அப்பன் எல்லாரையும் சிரிக்க வைப்பான்.

"அப்புறம் என்ன. லாரி கெளம்பிப் போயிருச்சு."

"இதென்ன கதைப்பா" என்று சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து. பாலம் முடிந்து வண்டி இறங்கியது. நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து, நேற்றைய நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். இப்போது உள்ளே இருக்கிறாள். நான் வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாலத்து மேலே சொல்லாமல் விட்டது இது: உன்ற கதைய ஊருக்குச் சொன்னது தேனு இல்ல சாமி, அப்பன்.